சி மட்டும் போதுமா, டி-யும் வேண்டுமா?

புது லேப்டாப் வாங்கிய சித்தி மகன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, இதுல சி டிரைவ் மட்டும்தான் இருக்கு, டி-யைக் காணோம். நான் எதையாவது அழிச்சிட்டேனா?"

அவன் எதையும் அழிக்கவில்லை. இப்போது பெரும்பாலான லேப்டாப்புகள் அப்படித்தான் வருகின்றன. உள்ளே ஒரே எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் டிஸ்க்), கண்ணுக்குத் தெரிவது ஒரே சி. "சரி, அப்ப நானே பிரிச்சிடவா, இல்ல இப்படியே விட்டுடவா?" என்று அடுத்து கேட்டான். போனில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பழைய பழக்கத்தை வைத்துப் பதில் சொல்லிப் பலரைச் சிரமத்தில் மாட்டிவிட்டிருக்கிறோம் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க ஆசைப்படுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு எஸ்.எஸ்.டி., ஒரே ஒரு ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) என்றால் பிரிக்க வேண்டாம். பிரித்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு, அவையும் கீழே வருகின்றன.

டி டிரைவ் பழக்கம் எப்படி வந்தது

ஒரு காலத்தில் பிரிப்பது நம் விருப்பமாகவே இருக்கவில்லை. பழைய டாஸ் இயங்குதளத்திலும் விண்டோஸ் 95-இன் முதல் பதிப்பிலும் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்க இருந்த ஃபேட்16 முறையில் ஒரு பார்ட்டிஷன், அதாவது பிரித்த ஒரு பகுதி, 2 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் சி, டி, இ என்று வெட்டித்தான் ஆகவேண்டும். 2 ஜி.பி.க்குள்ளேயே இன்னொரு சிக்கலும் இருந்தது. பார்ட்டிஷன் பெரிதாகப் பெரிதாக, இடத்தை அளந்து கொடுக்கும் கிளஸ்டரும் பெரிதாகும். 1 ஜி.பி.யைத் தாண்டினால் ஒரு கிளஸ்டர் 32 கே.பி. ஒரே ஒரு கே.பி. உள்ள சின்னக் கடிதத்தைச் சேமித்தாலும் டிஸ்க்கில் 32 கே.பி. போய்விடும். சின்னச் சின்னதாகப் பிரித்தவர்களுக்கு அந்த இழப்பு குறைந்தது. 1996-இல் ஃபேட்32 வந்ததும் இந்த நெருக்கடி தளர்ந்தது. இன்று விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறையில் 16 டெராபைட் வரைக்கும் கிளஸ்டர் 4 கே.பி.தான். ஆக, அந்தக் காரணம் முடிந்துபோன கதை.

இரண்டாவது காரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டம் மந்தமாகும், வைரஸ் வரும், சி-யை ஃபார்மட் செய்து புதிதாக ஓ.எஸ். போடுவோம். படமும் பாட்டும் டி-யில் பத்திரமாக இருக்கும். இது நல்ல ஏற்பாடு, அன்றைக்கு வேறு வழியும் இல்லை.

மூன்றாவது காரணம் வேகம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் அடங்கும். டிஸ்க்கின் தொடக்கப் பகுதி அந்த வெளிவட்டத்தில்தான் இருக்கிறது. முதல் பார்ட்டிஷனான சி அங்கே அமைந்தால் விண்டோஸ் சற்று வேகமாக ஓடும், படிக்கும் முனையும் டிஸ்க் முழுக்க அலையாமல் ஒரு பக்கமாகவே இருக்கும். ஆனால் அதே டிஸ்க்கில் சி-யிலிருந்து டி-க்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். முனை இங்கே கொஞ்சம் படித்து, அங்கே ஓடிப்போய் எழுதி, திரும்ப இங்கே வரும். ஒவ்வொரு தாவலுக்கும் பத்து மில்லி செகண்ட் அளவில் போகும். காதை வைத்துக் கேட்டால் கரகரவென்று அது அலைவதே கேட்கும்.

எஸ்.எஸ்.டி.யில் முனையும் இல்லை, வட்டமும் இல்லை. நாம் சி, டி என்று வெட்டுவது வெளியே தெரியும் முகவரிகளை மட்டும்தான். உள்ளே எந்தத் தகவல் எந்தச் சில்லில் போய் உட்காரும் என்பதை டிஸ்க்குக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சில்லுதான் முடிவு செய்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க அது எழுதும் தகவலை முழு டிஸ்க்கிலும் பரப்பிக்கொண்டே இருக்கும். "சி-யில்தான் அதிகம் எழுதுகிறோம், டி தேயாமல் இருக்கும்" என்று நினைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் நடப்பதில்லை. வேகத்துக்காகவோ ஆயுளுக்காகவோ எஸ்.எஸ்.டி.யைப் பிரிக்க ஒரு காரணமும் கிடையாது.

ஒரே பார்ட்டிஷன்

ஒரே பார்ட்டிஷனாக விடுவதில் எனக்குப் பிடித்த விஷயம், காலி இடம் முழுக்க ஒரே குவியலாக இருப்பது. 512 ஜி.பி. என்று விற்கும் டிஸ்க் விண்டோஸில் 476 ஜி.பி. என்று காட்டும். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் வந்த வித்தியாசம். அந்த 476-ம் எதற்கு வேண்டுமானாலும் பயன்படும். இந்த மாதம் பெரிய விளையாட்டு, அடுத்த மாதம் கல்யாண வீடியோ, அதற்கடுத்து விண்டோஸின் பெரிய அப்டேட் என்று எது வந்தாலும் இடம் கொடுக்கும்.

கோப்புகளை இடம் மாற்றுவதிலும் ஒரு வசதி உண்டு. ஒரே பார்ட்டிஷனுக்குள் 20 ஜி.பி. வீடியோவை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வீடியோ அசைவதே இல்லை, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. சி-யிலிருந்து டி-க்கு நகர்த்தினால் முழு 20 ஜி.பி.யையும் அங்கே எழுதி, இங்கே அழிக்க வேண்டும்.

குறை? ஓ.எஸ். கெட்டுப்போய் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்யும் நிலை வந்தால் உங்கள் கோப்புகளும் அதே பார்ட்டிஷனில்தான் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கோப்புகளை வைத்துக்கொண்டு ஓ.எஸ்.ஸை மட்டும் புதுப்பிக்கும் ரீசெட் வசதி உண்டு. பல நேரம் அது போதும். போதாத நேரமும் வரும். அப்போது வேறொரு டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இல்லாதவர்களுக்கு ஒரே பார்ட்டிஷன் பயம் தரும் ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சி-யும் டி-யும்

இதுதான் பலரும் விரும்புவது. நியாயமான காரணங்களும் இருக்கின்றன. அடிக்கடி ஓ.எஸ். மாற்றிப் பார்ப்பவர்களுக்கு, ஒரே கணினியில் பலர் வேலை செய்யும் இடங்களுக்கு, சி-யை முழுசாக அப்படியே நகலாக (இமேஜ்) எடுத்து வைத்து வேண்டும்போது திருப்பிப் போடுபவர்களுக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே உதவும். சி சின்னதாக இருந்தால் இமேஜும் சின்னதாக இருக்கும், திரும்பப் போட்டாலும் டி-யில் இருக்கும் கோப்புகளைத் தொடாது.

சிக்கல் அளவில்தான் வருகிறது. சுவர் எழுப்பும் நாளில், எந்தப் பக்கம் முதலில் நிரம்பும் என்று நமக்குத் தெரியாது. நான் பார்த்தவரைக்கும் கிட்டத்தட்ட எல்லோரும் சி-யைச் சின்னதாக வைத்துத்தான் தவறு செய்கிறார்கள். "விண்டோஸுக்கு 100 ஜி.பி. போதாதா?" என்று தோன்றும். விண்டோஸுக்குப் போதும். ஆனால் சி-யில் விண்டோஸ் மட்டும் இருப்பதில்லையே. கணினியை உறங்கவைக்கும்போது ராமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்நேஷன் கோப்பு வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம் பிடிக்கும். 32 ஜி.பி. ராம் என்றால் அதற்கே 13 ஜி.பி. அளவு போய்விடும். ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் தனி. பெரிய அப்டேட் வந்தால் பழைய விண்டோஸைத் திரும்பப் போக வசதியாகப் பத்து நாள் வைத்திருக்கும், அது பல ஜி.பி. பிரவுசரின் கேஷ், அரட்டைச் செயலிகளில் வந்து குவியும் படங்கள், ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுத்தால் அதன் மொத்தச் சுமை, இவையெல்லாம் நம்மைக் கேட்காமலேயே சி-யில் பயனர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும்.

ஒரு வருடம் கழித்து அந்தக் கணினியைத் திறந்தால் காட்சி இப்படி இருக்கும். சி-யின் பட்டை சிவப்பு, 3 ஜி.பி. மிச்சம். பக்கத்தில் டி, 310 ஜி.பி. காலி. அப்டேட் இடம் இல்லை என்று நின்றுபோயிருக்கும். டிஸ்க்கில் இடம் இருந்தும் இடம் இல்லாத நிலைமை.

சரி, டி-யிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுத்துவிடலாமே? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலது ஓரத்தில் உருவாகும். சி-யோ தன் வலது பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். நடுவில் டி நிற்கிறது. சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வரி மங்கிப்போய்க் கிடக்கும். டி முழுவதையும் வலப்பக்கம் தள்ள ஜிபார்ட்டட் போன்ற வேறு கருவிகள் வேண்டும். அவை ஒவ்வொரு தகவலையும் எடுத்து வேறு இடத்தில் எழுதும், மணிக்கணக்கில் ஓடும். நான் ஒருமுறை இதைச் செய்துகொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போனது. அந்த டி திரும்பத் திறக்கவே இல்லை. பேக்கப் இருந்ததால் இரண்டு நாளில் மீண்டேன். அதிலிருந்து லேப்டாப்பில் சார்ஜரும் பேட்டரியும் இரண்டும் இருந்தால் மட்டும், அதுவும் பேக்கப் எடுத்த பிறகுதான் இந்த வேலையைத் தொடுகிறேன்.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். முழு டிஸ்க்கும் சி-யாக இருந்து, அதில் 300 ஜி.பி. காலியாக இருந்தாலும், சுருக்கப் போனால் நூற்றுச் சொச்சம்தான் முடியும் என்று விண்டோஸ் சொல்வதுண்டு. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்நேஷனையும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் பெரும்பாலும் கூடுதலாக இடம் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாகப் பிரிக்க விரும்பினால், சி-க்கு 200 ஜி.பி.க்குக் குறையாமல் கொடுங்கள். 256 ஜி.பி. டிஸ்க் என்றால் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பிரித்ததும் இரண்டுக்கும் பெயர் வையுங்கள், அளவையும் ஒரே மாதிரி வைக்காதீர்கள். ஏனென்றால் ஓ.எஸ். போடும் திரையில் சி, டி என்ற எழுத்து இருக்காது. "டிரைவ் 0 பார்ட்டிஷன் 3", "டிரைவ் 0 பார்ட்டிஷன் 4" என்றுதான் வரிசையாகக் காட்டும். இரண்டும் 238 ஜி.பி. என்று இருந்தால் எது கோப்புகள் இருக்கும் பக்கம் என்று அந்த நேரத்தில் கை நடுங்கும். டி என்று தெரியாமல் அதையே ஃபார்மட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை டி-க்கு மாற்ற வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரின் ப்ராபர்டீஸில் லொகேஷன் என்ற பகுதி வழியாக மாற்றுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். டி-க்குள்ளே ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள், எந்த ஃபோல்டரும் இல்லாமல் டி-யையே நேரடியாகக் காட்டிவிட்டால் பின்னால் குழப்பம். மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

நான்கைந்தாக வெட்டுவது பற்றி

படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று என்று சி முதல் ஜி வரை வெட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒழுங்கு வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஃபோல்டர் அதைச் செய்துவிடும். ஃபோல்டருக்குச் சுவர் இல்லை, நிரம்பாது, வேண்டியபோது பெயர் மாற்றலாம். மென்பொருளை மட்டும் தனி டிரைவில் போட்டால் ஓ.எஸ். மாற்றும்போது திரும்பப் போடவேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலான மென்பொருள்கள் தங்கள் குறிப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் வைக்கின்றன, அது சி-யில் இருக்கிறது. சி போனால் அவற்றைத் திரும்பத்தான் போடவேண்டும்.

டி-யில் இருந்தால் பத்திரமா?

இதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். டி டிரைவ் பேக்கப் ஆகாது. என் நண்பர் ஒருவர் மிகவும் ஒழுங்கானவர். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை வருடவாரியாக டி-யில் அடுக்கி வைத்திருந்தார். நாலைந்து முறை சி-யை ஃபார்மட் செய்தும் ஒரு படம்கூடப் போகவில்லை. "டி-யில இருக்குங்க, பயமில்ல" என்பார். ஒருநாள் காலையில் கணினியைப் போட்டதும் டிக், டிக் என்று சத்தம் வந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனை பழுது. சி, டி இரண்டும் ஒரே தட்டில்தானே இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே போயின.

பார்ட்டிஷன் காப்பாற்றுவது ஒன்றிலிருந்துதான்: ஓ.எஸ்.ஸை நாமே ஃபார்மட் செய்வதிலிருந்து. டிஸ்க் பழுதானாலும், லேப்டாப் திருட்டுப்போனாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அந்தச் சுவர் ஒன்றும் செய்யாது. ரான்சம்வேர் கண்ணுக்குத் தெரியும் எல்லா டிரைவுகளுக்குள்ளும் நுழையும். டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்காமல் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைக் கையால் போடுபவர்கள் சி-யைப் பூட்டிவிட்டு, சொந்தக் கோப்புகள் இருக்கும் டி-யை மறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும்.

அதனால், இரண்டு இடம் வேண்டும் என்று தோன்றினால் இரண்டு டிஸ்க்காக வைப்பதுதான் நல்லது. டெஸ்க்டாப் என்றால் உள்ளேயே எஸ்.எஸ்.டி.யோடு ஒரு ஹார்ட் டிஸ்க். லேப்டாப் என்றால் வெளியில் செருகும் டிஸ்க், அதையும் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

பிரித்தே ஆகவேண்டியவர்கள்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, பிரிக்கத்தான் வேண்டும். விண்டோஸ் பகுதியை விண்டோஸின் கருவியை வைத்தே சுருக்குங்கள், காலி இடத்தில் லினக்ஸ் போடுங்கள். அதற்கு முன் இரண்டு வேலை. பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். அப்புறம் அடுத்த முறை வேகமாகத் திறக்க உதவும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, டிஸ்க்கைப் பாதி திறந்த நிலையில் விட்டுப்போகும். லினக்ஸிலிருந்து அதில் எழுதப்போனால் கோப்புகள் சிதையும், அல்லது லினக்ஸ் எழுதவே மறுக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகுதி வேண்டுமென்றால் என்.டி.எஃப்.எஸ். போதும். 2021-இல் வந்த லினக்ஸ் 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அதற்கு உள்ளேயே நல்ல ஆதரவு இருக்கிறது.

லினக்ஸ் மட்டும் பயன்படுத்துபவர்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாக வைப்பது பழைய வழக்கம். வேறொரு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸின் வேறொரு வகைக்கு) மாறும்போது சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே இருக்கும் என்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் சி-டி கதையே இங்கும் வரும். ஓ.எஸ். இருக்கும் ரூட் பகுதிக்கு 30 ஜி.பி. கொடுத்துவிட்டு, மென்பொருள்களை நிறுவி ஓட்டும் ஃபிளாட்பேக்கும் டாக்கரும் பயன்படுத்தினால் அவை ரூட்டின் பக்கம்தான் நிரப்பும். லினக்ஸில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் எக்ஸ்.எஃப்.எஸ். போட்டிருந்தால் அதைச் சுருக்கவே முடியாது. ஈ.எக்ஸ்.டி.4-ஐச் சுருக்கலாம், பயன்பாட்டில் இல்லாதபோது மட்டும்.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று வந்திருக்கிறது. 2020-இல் வந்த ஃபெடோரா 33 என்ற டிஸ்ட்ரோவிலிருந்து அதன் டெஸ்க்டாப் பதிப்புகள் பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையைத் தாமாகவே போடுகின்றன. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனி, ஆனால் காலி இடம் பொது. மேக்கில் 2017-இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். முறையும் இதே போல, ஒரே கன்டெய்னருக்குள் பல வால்யூம்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். மேக்கில் இரண்டாவது மேக்ஓ.எஸ். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பார்ட்டிஷன் வெட்டாதீர்கள், வால்யூம் சேர்த்தால் போதும். விண்டோஸில் வீட்டுப் பயனர்களுக்கு இவ்வளவு எளிதாக இது இன்னும் இல்லை, அதுதான் வருத்தம்.

எந்த வழியில் போனாலும், எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் டிஸ்க்கின் அட்டவணை ஜி.பி.டி. முறையில் இருக்கட்டும். பழைய எம்.பி.ஆர். முறை 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது, முதன்மைப் பார்ட்டிஷன் நான்கோடு முடிந்துவிடும். ஜி.பி.டி. தன் அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும்.

பெயரில்லாமல் இருக்கும் சின்னப் பகுதிகளைப் பார்த்து "இது எதற்கு, அழித்துவிடலாம்" என்று நினைக்காதீர்கள். 100 எம்.பி. அளவில் இருப்பது கணினி பூட் ஆகத் தேவையானது. கடைசியில் இருப்பது மீட்புப் பகுதி. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்த மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலி இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றது. பயனர்களே கட்டளை போட்டு அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டே அளந்து வைத்த சுவர் அது. முன்கூட்டி அளவு வைப்பது எவ்வளவு கடினம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் லேப்டாப்பைப் பிரிக்கவில்லை. 476 ஜி.பி.யும் சி-யாகவே இருக்கிறது. டாக்குமென்ட்ஸுக்குள் அவன் பெயரில் ஒரே ஃபோல்டர், படிப்பும் படங்களும் அதற்குள். பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஃபோல்டரை அதில் நகலெடுக்கச் சொன்னேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து அந்த வெளி டிஸ்க்குக்கு டி என்ற எழுத்தையே கொடுத்தோம். "இப்ப டி வந்துடுச்சு அண்ணா" என்றான்.